கொல்லைப்புறத் தார்சா

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் பின்புறத்தில், தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில், மரக்கால்களின் மேல் நிற்கும் திறந்த பலகைத் தளத்துக்குத் தமிழில் பெயர் இல்லை. இங்குள்ள தமிழர்கள் எல்லோரும் 'டெக்' என்றே சொல்கிறோம். கப்பலின் மேல்தளத்துக்கு உரிய சொல், கரையேறி வீட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. திண்ணை என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் திண்ணை தெருவைப் பார்த்திருப்பது. வழிப்போக்கன் கேட்காமலே உட்காரக்கூடியது. டெக் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. முற்றம் என்றால் வீடு அதைச் சுற்றி நிற்க வேண்டும். மொட்டை மாடி என்றால் கீழே ஓர் அறை வேண்டும். இது எதுவும் இல்லை. வீட்டுக்குச் சொந்தமானது, ஆனால் வெளியே இருப்பது. வானத்தின் கீழ் இருப்பது, ஆனால் மண்ணைத் தொடாதது.

என் அம்மா அதற்குத் தார்சா என்று பெயர் வைத்தாள். திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் திண்ணையைத் தாண்டி, பட்டாசலுக்குள் நுழையும் முன், காற்றும் வெளிச்சமும் படும்படி இருக்கும் பகுதியைத் தார்சா என்பார்கள். அளவெடுத்துப் பார்த்தால் இந்தப் பெயரும் பொருந்தாது. ஆனால் வந்த மறுநாளே அம்மா அங்கே காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்த விதத்தைப் பார்த்தபோது, பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

நூறு வருடங்களுக்கு முன் இந்த நாட்டு வீடுகளுக்கும் முகப்பில் ஒரு தாழ்வாரம் இருந்தது. மாலையில் அங்கே உட்கார்ந்து தெருவில் போவோரிடம் பேசுவது வழக்கமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பெருகின. தெருவை நடப்பவர்களிடமிருந்து கார்கள் எடுத்துக்கொண்டன. கோடைப் புழுக்கத்தைக் குளிர்சாதனம் எடுத்துக்கொண்டது. மாலைப் பொழுதைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. முகப்புத் தாழ்வாரம் சுருங்கிச் சுருங்கி, வெறும் வாசற்படி ஆகியது. வாழ்க்கை வீட்டின் பின்பக்கத்துக்கு நகர்ந்தது. 1970-களிலிருந்து, மக்காதபடி மருந்தேற்றிய மலிவான பைன் மரம் எங்கும் கிடைக்கத் தொடங்கியதும், ஒவ்வொரு வீட்டின் முதுகிலும் ஒரு மரத்தளம் முளைத்தது. அந்த மருந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் வீடு 1986-இல் கட்டப்பட்டது. 2004-இல் நாங்கள் வாங்கும்போதே டெக்குக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டடிக்குப் பதினாறடி. என் பிள்ளைகள் இருவரும் அதன் மேல் சைக்கிள் பழகினார்கள். 2019-இல் அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் என்று வெளியேறிய அதே வருடங்களில், யாரும் திட்டமிடாமலே டெக் அம்மாவுக்குச் சொந்தமாகியது. காலையில் எட்டு நடை, எட்டு நடை என்று குறுக்கும் நெடுக்குமாக நடப்பாள். ஜூலை வெயிலில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வற்றல் ஊற்றுவாள். தெற்கோரமாக, டெக்கை ஒட்டிய மண்ணில், அரைக்கீரையும் கொத்தமல்லியும் போட்டிருந்தாள். செருப்புப் போட்டு நடக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதனால்தான் எங்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது.

"எய்யா, மூணாவது பலகை பொக்குன்னு கேக்கு" என்றாள் ஒருநாள். "மத்ததெல்லாம் மரமா கேக்கு. இது ஒண்ணு மட்டும் பூசணிக்கா மாரி கேக்கு."

*

பக்கத்து வீட்டுப் பெரியவர் இத்தாலிய வம்சாவளியினர். ஐம்பது வருடம் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். கை இப்போது நடுங்குகிறது, கண் நடுங்கவில்லை. அவரைக் கூப்பிட்டேன். ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார். பலகைகளைத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேராக டெக்கின் அடியில் குனிந்து உள்ளே போனார்.

இந்த இடத்தில் டெக்கின் உடற்கூற்றைச் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடைமட்டமாக ஒரு கனமான பலகை பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு லெட்ஜர் என்று பெயர். எதிர்ப்புறத்தில், கால்களின் மேல் ஓர் உத்திரம். லெட்ஜருக்கும் உத்திரத்துக்கும் இடையே பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகத் தாங்குசட்டங்கள். அவற்றின் மேல்தான் நாம் நடக்கும் பலகைகள். ஆக, டெக்கின் பாதிச் சுமையை மண் தாங்குகிறது. மறுபாதியை வீட்டுச் சுவர் தாங்குகிறது. மண்ணில் நிற்கும் பாதியை எல்லோரும் பார்க்கிறார்கள். சுவரில் தொங்கும் பாதியை யாரும் பார்ப்பதில்லை.

பெரியவர் லெட்ஜரின் மேல் திருப்புளியை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் ஓர் அங்குலம் இறங்கியது. பிறகு என் கையைப் பிடித்து லெட்ஜரின் முகத்தைத் தடவச் செய்தார். ஆணித் தலைகள். வரிசையாக ஆணித் தலைகள் மட்டும். மரையாணி ஒன்றுகூட இல்லை. பதினாறடி நீளமும், முப்பத்தேழு வருடமாக, சுவரில் அடித்த ஆணிகளின் பிடியில் நின்றிருக்கிறது.

அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். இங்குள்ள கட்டட விதிகள் டெக் ஒன்று சதுர அடிக்கு 40 பவுண்டு மனிதச் சுமையைத் தாங்க வேண்டும் என்கின்றன. மரத்தின் சொந்த எடைக்கு இன்னும் 10 பவுண்டு சேர்த்துக்கொள்வது வழக்கம். எங்களுடையது 192 சதுர அடி. மொத்தம் 9,600 பவுண்டு. அதில் பாதி, 4,800 பவுண்டு, கிட்டத்தட்ட 2,170 கிலோ, அந்தச் சுவர்ப்பலகைக்கு உரியது. ஆணி என்பது குறுக்கே வரும் விசையை ஓரளவு தாங்கும். நேராக வெளியே இழுத்தால் தாங்காது. கூட்டம் ஒரு பக்கம் சாயும்போதும், மரம் நனைந்து உப்பிக் காய்ந்து சுருங்கும்போதும், அது மயிரிழை மயிரிழையாக வெளியே வந்துகொண்டிருக்கும். டெக்குகள் விழும்போது பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழும்.

இத்தகைய மரணங்கள் புதியவை அல்ல. 2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புற மரத்தாழ்வாரம், விருந்துக்கு வந்த இளைஞர்களோடு, ஒரு தளத்தின் மேல் இன்னொரு தளமாக இடிந்து இறங்கியதில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். 2015 ஜூன் 16 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பால்கனி முறிந்து ஆறு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கோடை விடுமுறைக்கு அயர்லாந்திலிருந்து வந்த மாணவர்கள். உள்ளேயிருந்த மரச்சட்டங்கள் நீர் புகுந்து மக்கியிருந்தன. வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டு இடங்களிலும் அது ஒரு கொண்டாட்டப் பொழுது.

எங்கள் வீட்டிலும் கொண்டாட்டங்கள் நடந்திருக்கின்றன. மகளின் பட்டமளிப்பு நாளில் நாற்பது பேர் அந்த டெக்கில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம் என் பார்வை முகங்களுக்குப் போவதில்லை. கால்களுக்குக் கீழே போகிறது.

*

மரம் ஏன் மக்குகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். மழையில் நனைவதால் மட்டும் மரம் கெடுவதில்லை. நனைந்தபின் உலர முடியாததால் கெடுகிறது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு நீர் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வெறும் வித்தாகக் காத்திருக்கும். சுவருக்கும் லெட்ஜருக்கும் இடையிலுள்ள நூலளவு இடுக்கில் புகுந்த நீர் வெளியேற வழியில்லை. அந்த இடுக்கின் மேல் ஒரு தகட்டை மடித்துச் செருகி நீரை வெளியே தள்ளியிருந்தால் போதும். 1986-இல் அதைச் செய்தவர் செய்யவில்லை. ஒரு தகடு. அவ்வளவுதான்.

ஆனால் மருந்தேற்றிய மரம்தானே என்று கேட்கலாம். இங்கேதான் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அந்தக் காலத்து டெக் மரங்களில் ஏற்றப்பட்ட மருந்து குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவை. செம்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் கரையானையும், செம்புக்கு அஞ்சாத பூஞ்சைகளையும் கொல்லும். குரோமியம் இவ்விரண்டையும் மரத்தின் இழைகளோடு பிணைத்து மழையில் கரையாதபடி காக்கும். இந்தக் கலவையை 1933-இல் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்: டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன். 1938-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். 'ஆஸ்கு' என்ற பெயரில் அது விற்கப்பட்டது. ஆர்சனிக்கின் குறியீடும் செம்பின் குறியீடும் சேர்ந்த பெயர். இமயத்தின் அடிவாரத்தில் ஒருவர் சோதனைக் குழாயில் கலந்தது, அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்கக் கொல்லைப்புறங்கள் எல்லாவற்றையும் இளம்பச்சையாக்கியிருக்கிறது. நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே, எனக்கு முன்னோடியாக ஓர் இந்தியர் என் வீட்டுப் பலகைகளுக்குள் குடியேறியிருந்தார்.

பெருமைப்பட்டேன். பெருமை ஒரு நாள்தான் நீடித்தது. ஆர்சனிக் என்பது பாஷாணம். மரத்தோடு பிணைந்திருந்தாலும் சிறுகச் சிறுகக் கசியும். பலகையைத் தடவும் குழந்தையின் கையில் ஒட்டும். அடியிலுள்ள மண்ணில் இறங்கும். அதனால் 2002-இல் உற்பத்தியாளர்களும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்து, வீட்டு உபயோகத்துக்கான மரங்களில் இந்த மருந்தை ஏற்றுவதை 2003 டிசம்பர் 31-உடன் நிறுத்தினார்கள். இருக்கும் டெக்குகளை இடிக்க வேண்டியதில்லை, பூச்சு பூசிப் பராமரித்தால் போதும் என்றும் சொன்னார்கள். மின்கம்பங்களிலும் துறைமுகத் தூண்களிலும் அது இன்றும் இருக்கிறது.

அம்மாவின் கீரைப்பாத்தி டெக்கின் ஓரத்தில் இருந்தது.

கசியும் ஆர்சனிக் பெரும்பாலும் தளத்தின் அடியிலும் விளிம்பை ஒட்டிய மேல்மண்ணிலும் தங்கிவிடும் என்கிறார்கள். நான்கு கோடைகள் நாங்கள் அந்தக் கீரையைத் தின்றிருக்கிறோம். அது எவ்வளவு என்பதை இனி அளக்க வழியில்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். எண்பத்தொரு வயதில், அவளுக்கென்று இந்தக் கண்டத்தில் இருப்பது அந்த மூன்றடி மண். சொன்னபோது அவள் பதறவில்லை. சற்று நேரம் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டு உத்திரத்துக்கு வருசா வருசம் முந்திரிக்கொட்ட எண்ண பூசுவாங்க. உங்க தாத்தா காலத்துல போட்டது. வெசம் வைக்காம மரத்த நிக்க வைக்க முடியாதாக்கும்?"

முடியும், அது கோங்கும் தேக்கும். இது முப்பது வருடத்தில் வளர்ந்து நிற்கும் பைன் என்று நான் சொல்லியிருக்கலாம். அங்கே உத்திரம் கூரைக்குக் கீழே நிழலில், அடுக்களைப் புகை படிய இருந்தது. இங்கே பனியும் மழையும் வெயிலும் நேராக விழுகின்றன என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்பாசமுத்திரத்து வீடு 2017-இல் பாகப்பிரிவினையில் இடிக்கப்பட்டது. அந்த உத்திரங்களைப் பழைய மர வியாபாரி ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. கெடாத வீடு போய்விட்டது. கெட்டுப்போன தளம் எங்கள் கையில் இருந்தது.

*

என்ன செய்வது என்பதில் வீட்டில் மூன்று கருத்துகள் இருந்தன. மகன் தொலைபேசியில், "இடிச்சுட்டு விட்டுடுங்கப்பா. நீங்க ரெண்டு பேரும் இன்னும் எத்தனை வருஷம் அங்க இருக்கப் போறீங்க?" என்றான். என் மனைவி, எப்படியும் நான் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்கப்போகிறோம், மரத்தூளையும் மறுசுழற்சி செய்த நெகிழியையும் சேர்த்துச் செய்யும் கலப்புப் பலகையைப் போட்டுவிடலாம், பராமரிப்பும் இல்லை, வாங்குபவருக்கும் பிடிக்கும் என்றாள். இரண்டும் நியாயமானவை. இரண்டும் ஒரே கேள்வியின் இரு விடைகள். நாங்கள் இங்கே யார்? இருப்பவர்களா, கிளம்பப் போகிறவர்களா? இருபது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உரக்கக் கேட்காத கேள்வி அது. ஒரு மக்கிய பலகை அதைக் கேட்டுவிட்டது.

புதிதாக ஒழுங்காகக் கட்டினால் ஒரு டெக் இருபத்தைந்து, முப்பது வருடம் நிற்கும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மாவுக்கு எண்பத்தொன்று. அந்த முப்பது வருடத்தை யாருக்காகக் கட்டுகிறோம் என்று யோசித்தபடி டெக்கின் படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா நடந்துகொண்டிருந்தாள். மூன்றாவது பலகை வரும்போது மட்டும் காலை அகட்டி வைத்துத் தாண்டினாள். அதை ஒரு குறையாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. தாண்டிப் பழகிவிட்டாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. முப்பது வருடத்துக்காகக் கட்ட வேண்டியதில்லை. அடுத்த கோடைக்காகக் கட்டினால் போதும். ஒழுங்காகக் கட்டினால் அது தானாகவே முப்பது வருடம் நின்றுகொள்ளும்.

கலப்புப் பலகை வேண்டாம் என்ற முடிவுக்கும் அம்மாவின் கால்தான் காரணம். ஜூலை நண்பகலில் அடர்நிறக் கலப்புப் பலகை மரத்தைவிட அதிகம் சுடும். செருப்பில்லாத காலுக்கு மரமே நல்லது. மனைவியிடம் சொன்னபோது அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப படியையும் அத்தைக்குத் தகுந்த மாதிரி போடுங்க" என்றாள். விற்பதைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், நின்றது.

*

2023 மே மாதத்தில் வேலை தொடங்கியது. நகராட்சியில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கினேன். தோண்டும் முன் 811 என்ற எண்ணை அழைத்துச் சொன்னேன். ஆட்கள் வந்து புல்தரையில் வண்ணக் கோடுகள் இட்டுப் போனார்கள். எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு. யாரோ வண்ணப்பொடியில் கோலம் போடத் தொடங்கிப் பாதியில் எழுந்து போனதாக அம்மாவுக்குத் தோன்றியது.

பிரிப்பதற்கு நான்கு நாட்கள் ஆயின. நானும், வார இறுதியில் வந்த மகனும், கடப்பாரையும் ஆணிபிடுங்கியும். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவிட்டார். பல சட்டங்கள் இன்னும் கல்போல் இருந்தன. ஆணி போன வழியாக நீர் இறங்கிய இடங்களும், அளவுக்கு வெட்டியபோது மருந்தேறாத உட்புறம் வெளிப்பட்ட நுனிகளும்தான் சதுரம் சதுரமாக வெடித்து, கையில் எடுத்தால் உதிர்ந்தன. கைப்பிடியின் அடியில் விரல் நுழையுமளவுக்கு வட்டமான துளைகள். தச்சன் தேனீ போட்டவை. துளைக்கருவி வைத்துப் போட்டதுபோல் அத்தனை துல்லியம். பெரியவர் அதைக் காட்டி, "என்னைவிட நல்ல வேலைக்காரி" என்றார். துளை போடுவது பெண் தேனீ.

கழிந்த மரத்தைக் குவித்து வைத்தபோது அம்மா குளிர்காலத்துக்கு எரிக்கலாமே என்றாள். விறகை வீணாக்குவது அவளுக்குப் பாவம். ஆனால் இந்த மரத்தை எரிக்கவே கூடாது; ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். குப்பைக் கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். எரிக்கவும் முடியாத, மட்கி உரமாகவும் விட முடியாத மரம். மகன் அதை வண்டியில் ஏற்றும்போது, "இதுக்கு சாவே கிடையாதாப்பா?" என்று கேட்டான். அடியிலிருந்த மேல்மண்ணையும் பாத்தியின் மண்ணையும் அப்படியே விட்டு, அதன் மேல் துணி விரித்துச் சரளைக்கல் கொட்டினோம். கீரைக்கு, தோட்டத்தின் மறுகோடியில், மருந்தேற்றாத தேவதாரு வகைப் பலகையில் தொட்டி கட்டிப் புதுமண் நிரப்பினோம்.

கால்களுக்குக் குழி 36 அங்குலம் ஆழம். இங்கே குளிர்காலத்தில் மண் உறையும். உறையும் நீர் ஒன்பது சதவீதம் விரியும். மேலோட்டமாக நட்ட தூணை அந்த விரிவு மேலே தூக்கிவிடும். வசந்தத்தில் உருகும்போது மறுபடி கீழே விடும். இப்படி இருபது முறை தூக்கி இறக்கினால் எந்தத் தளமும் கோணிப்போகும். அதனால் உறைபனி எட்டாத ஆழத்தில் அடிக்கான்கிரீட் இருக்க வேண்டும். வேரில்லாததற்கும் இந்த மண் ஓர் ஆழம் கேட்கிறது.

லெட்ஜர் அழுகலில் வீட்டின் விளிம்புச் சட்டமும் இரண்டடி நீளத்துக்குக் கெட்டிருந்தது. அதை வெட்டி மாற்றிய பிறகு புது லெட்ஜர். இம்முறை ஆணி இல்லை. அரை அங்குல மரையாணிகள், மேலும் கீழுமாக மாறி மாறி. மேலே மடித்த தகடு. இப்போதைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இல்லை. பதிலுக்குச் செம்பு அதிகம். அந்தச் செம்பு சாதாரண இரும்பையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். எனவே உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த மரையாணிகளும் தாங்கிகளும், அலுமினியத்துக்குப் பதில் வினைல் தகடும் வாங்கினோம். ஒரு விஷத்தை விலக்கினால், விலக்கிய இடத்தில் வேறொரு கவனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தாங்குசட்டங்களைப் பொருத்தும்போது பெரியவர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நுனிவரை பார்த்தார். எந்தச் சட்டமும் முழு நேராக இராது. ஒரு பக்கம் மெல்லிய வளைவு இருக்கும். அந்த முதுகு மேலே வரும்படி வைக்க வேண்டும் என்றார். சுமை ஏறும்போது அது தானே நேராகிவிடும். முதுகைக் கீழே வைத்தால் சுமை ஏற ஏற அது தொங்கிப்போகும். பென்சிலால் ஒவ்வொரு சட்டத்தின் முதுகிலும் ஓர் அம்பு வரைந்தார். கை நடுங்கியதால் அம்புகள் எல்லாம் நெளிந்திருந்தன. அவை இப்போதும் பலகைகளுக்கு அடியில் இருக்கின்றன.

கடைசியாகப் படிகள். தளம் தரையிலிருந்து 36 அங்குல உயரம். விதிப்படி ஒரு படியின் உயரம் ஏழே முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஐந்தாகப் பிரித்தால் 7.2 அங்குலம், விதிக்குப் போதும். அம்மாவின் முழங்காலுக்குப் போதாது. ஆறாகப் பிரித்தோம். படிக்கு 6 அங்குலம். இருபுறமும் பிடிமானம். கைப்பிடிச் சட்டங்களுக்கு இடையே நான்கு அங்குலப் பந்து நுழையக் கூடாது என்பது விதி. அது குழந்தையின் தலையை நினைத்து வைத்த அளவு. இப்போதைக்கு எங்கள் வீட்டில் குழந்தை இல்லை. இருந்தாலும் நகராட்சி ஆய்வாளர் அளந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

ஜூலை முதல் வாரத்தில் அம்மா ஏறினாள். குறுக்கே எட்டு நடை, நெடுக்கே பத்து. ஒவ்வொரு பலகையிலும் குதிகாலை ஊன்றித் தட்டிப் பார்த்தாள். மூன்றாவது பலகையில் சற்றுக் கூடுதல் நேரம் நின்றாள். பிறகு கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு மொழியும் பொதுவில்லாத அந்த இருவருக்கும் இடையே நான்கு வருடத்தில் நடந்த மிக நீண்ட உரையாடல் அதுதான். அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

மருந்தேற்றிய புதுமரம் ஈரமாகவே வரும். அதனால் பலகைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடித்திருந்தோம். காயக் காயச் சுருங்கி, தானே இடைவெளி விட்டுக்கொள்ளும். காயும்வரை பூச்சு பூசக் கூடாது. காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு: கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஆகவில்லை. உள்ளே போய்விட்டால் மரம் தயார். இந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் சொம்போடு வந்து, வாசல் தெளிப்பதுபோல் விரலால் தெளித்து, குனிந்து பார்ப்பாள். ஆகஸ்ட் முழுவதும் தண்ணீர் நின்றது. வற்றலுக்குப் போட்ட கூழ்கூட அதற்குள் இரண்டு தவணை காய்ந்துவிட்டது. செப்டம்பரில், பலகைகளுக்கு இடையே சூரிய வெளிச்சம் கோடு கோடாகக் கீழே விழத் தொடங்கிய ஒரு வாரத்தில், என்னைக் கூப்பிட்டாள்.

"எய்யா, தண்ணிய குடிச்சிருச்சு. இனி பூசு."